உறைக்கு ஒரு பாண்டு சேறு

நெல் விலை கொஞ்சம் ஏறி, ஏறின வேகத்திலேயே இறங்கிய அந்த வருஷம்தான் வடகளியூரில் ராணியம்மாள் வீட்டுக் கூடத்தில் நத்தைகுத்தி நாரைகள் மேயத் தொடங்கின. முதல் நாரை ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசற்படி ஏறி, செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டி, நேராக உள்ளே வந்து ஃபேனுக்குக் கீழே நின்றது. ராணியம்மாள் அப்போது சமையலறையில் நாஷ்டாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். யாரோ உறவுக்காரர்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "குந்துங்க, தோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தாள். நாரை குந்தவில்லை. கணுக்கால் அளவுச் சேற்றில் அலகை விட்டு ஒரு நத்தையை எடுத்து, அதன் மூடியைப் பக்குவமாக நீக்கி, உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டு, வெறும் நத்தை ஓட்டைச் சோபாவின் காலடியில் போட்டது. புது வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுச் சேறு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தின கோடையிலிருந்து தொடங்க வேண்டும்.

ராணியம்மாளுக்கும் சேற்றுக்கும் இருந்த உறவு அவள் கேட்டு வாங்கிக்கொண்டது இல்லை. நடக்கக் கற்ற வயசிலேயே வயலில் இறக்கிவிட்டார்கள். வடகளியூர் நடவுக் கும்பலுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அவள்தான் முன்வரிசை. அவள் நட்ட வரிசையில் கோணல் கண்டுபிடித்தவன் ஊரில் இல்லை. அதற்குச் சேறு கொடுத்த சம்பளம் இடுப்பு வலியும் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணும்தான். மழைக்காலம் வந்துவிட்டால் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் காலில் அப்பிக்கொண்டு படுப்பாள். குடியிருந்த கூரை வீட்டின் மண் தரையோ இரண்டு தூறல் விழுந்தாலே வயலோடு சேர்ந்துகொள்ளும். சேற்றில் நின்று சோறு ஆக்கி, சேற்றில் உட்கார்ந்து சாப்பிட்டு, சேறு மணக்கிற பாயில் படுத்தவள் அவள். புருஷன் வரதன் காலமான பிறகு, மகன் கார்த்திக் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆன பிறகு, அவளுக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஆசை ஒன்றே ஒன்று. கல் வீடு கட்ட வேண்டும், அதில் வெள்ளைத் தரை போட வேண்டும், அதில் ஒரு பொட்டுச் சேறு படக்கூடாது. காஞ்சிபுரத்தில் டைல்ஸ் கடைக்காரர், வெள்ளையில் அழுக்கு தெரியுமே அம்மா என்று சந்தனக் கலரைக் காட்டினார். தெரிந்தால்தானே துடைக்க முடியும் என்று சொல்லிவிட்டு, கடையிலேயே வெள்ளையானதைப் பொறுக்கி எடுத்து வந்தாள்.

தப்பு நடந்தது தரைக்கு அடியில், பேஸ்மட்டத்தில். உத்திரமேரூரிலிருந்து வந்த டேனியல் மேஸ்திரி சுற்றுச்சுவர் எழுப்பி முடித்ததும், உள்ளே நிரப்புவதற்குக் கிராவல் மண் சொல்லலாமா என்று கேட்டார். கிராவல் என்றால் அருகம்புல்கூட முளைக்காத செம்மண் சரளை. ராணியம்மாள் அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, பிச்சைக்காரன்கூட வேண்டாம் என்று சொல்கிற சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்தக் கோடையில் ஊர் ஏரியை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் ஏரி காய்ந்ததும் வண்டல் எடுத்து வயலுக்கு அடிப்பது ஊர் வழக்கம்தான். அந்த வருஷம் இயந்திரங்கள் வந்திருந்ததால் யாருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. ஏரி வண்டலையே போட்டுவிடலாம் என்றாள்.

"அக்கா, வண்டலு தண்ணி பட்டா உப்பிக்கும். வூட்டுக்கு கிராவல்தான் சரி."

"வயலுக்கு நல்ல மண்ணா பாத்து போடுவேன். நான் குந்தினு இருக்கப்போற வூட்டுக்கு மட்டும் ஒண்ணுத்துக்கும் ஆவாத மண்ணா? இன்னா மேஸ்திரி பேசற நீ?"

பயிர் வைத்துப் பழகினவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பட்டணத்துக்காரன் என்றால் கிராவலைக் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ராணியம்மாளோ தானே ஏரிக்குள் இறங்கி, மதகு ஓரத்தில், தண்ணீர் கடைசியாக வற்றுகிற பள்ளத்தில் நின்று, விரலால் தோண்டி முகர்ந்து பார்த்து, வெண்ணெய்போல இருந்த கறுப்பு வண்டலாகத் தேர்ந்தெடுத்து டிராக்டரில் ஏற்றி அனுப்பினாள். அதற்குள் என்னென்ன தூங்கிக்கொண்டிருந்தது என்று அவள் பார்க்கவில்லை. வரால் ஈரத்தில் சுருண்டு கிடந்தது. தவளைகள் உடம்பைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு கிடந்தன. நத்தைகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. அல்லிக் கிழங்கும் கோரைக் கிழங்கும் நண்டும் இருந்தன. டேனியல் மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சேர்த்துத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டித்து மேலே வெள்ளை டைல்ஸ் பதித்தார். ஏரியில் இயந்திரங்கள் மிச்சம் இருந்த வண்டலையும் வழித்து எடுத்துச் செங்கல் சூளைகளுக்கு அனுப்பிவிட்டன. கடைசியில் ஏரி, புளி போட்டுத் தேய்த்த பித்தளை அண்டாவைப்போலப் பளிச்சென்று இருந்தது. ஊரார் கரையில் நின்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

ஆவணியில் கிரகப்பிரவேசம். வாசலில் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு சொம்பும் வைத்து, வந்தவர் அத்தனை பேரையும் கால் கழுவச் சொன்னாள் ராணியம்மாள். பஞ்சாயத்துத் தலைவர் கழுவினார், ஐயர் கழுவினார், பசுமாட்டைக்கூடக் கழுவித்தான் உள்ளே விட்டாள். கார்த்திக்கும் மருமகள் சுதாவும் காஞ்சிபுரத்தில் வாடகைக்கு இருந்தார்கள். சுதா ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பழைய வீட்டுக்கு ஒருமுறை வந்தபோது சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு அறுந்ததிலிருந்து, அவளுக்கு வடகளியூர் என்றாலே கொஞ்சம் தயக்கம். இப்போது வெள்ளைத் தரையைப் பார்த்ததும், தீபாவளிக்கு இங்கேயே வந்துவிடலாம் என்று அவளே சொன்னாள். ராணியம்மாளுக்குத் தரை வெறும் தரையாக இல்லாமல் போனது அந்த நிமிஷத்தில்தான். மகனும் மருமகளும் நடக்கப்போகிற தரை என்று காலையிலும் மாலையிலும் துடைத்தாள்.

ஐப்பசி மழை பிடித்த அன்று டைல்ஸ் முதலில் வியர்த்தது. மறுநாள் சந்துகளில் கறுப்பாக ஒரு கோடு வந்தது. துடைத்தாள். அடுத்த நாள் கோடு விரல் தடிமன் ஆனது. வழித்துக் கொட்டினாள். அந்த வார முடிவில் கணுக்கால் அளவுக்கு நின்றது. சுவரில் விரிசல் இல்லை, ஒரு டைல்ஸ்கூடப் பெயரவில்லை, பீரோ சாயவில்லை, கதவு இழுக்கவில்லை. சேறு கூடத்தோடு நின்றுகொண்டது; சாமி அறைப் படியையும் சமையலறைப் படியையும் அது தாண்டவில்லை. டேனியல் மேஸ்திரி வந்து ரசமட்டத்தைச் சேற்றின் மேலேயே வைத்துப் பார்த்தார். நீர்க்குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

"மட்டமா தாங்க்கா கீது. என் வேலையில கொற இல்ல."

அன்று சாயங்காலம் தவளைகள் எழுந்தன. பிறகு வரால் ஒன்று டீபாய்க்குப் பக்கத்தில் வாலை அடித்தது. அல்லி முளைவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை நாரை வந்தது. அது போய் மற்றவற்றுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் நாரைகள் பத்துப் பன்னிரண்டு, அதற்கு மறுநாள் அரிவாள் மூக்கன்கள், வாலை ஆட்டி ஆட்டி ஓடுகிற உள்ளான்கள், நாமக்கோழிகள், முக்குளிப்பான்கள். மீன்கொத்தி கர்ட்டன் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ராணியம்மாள் துடைப்பத்தோடு வாசல் வழியாக விரட்டினால் அவை கொல்லை வழியாக வந்தன. இத்தனைக்கும் அந்தக் கூடம் அவ்வளவு பெரியது இல்லை, பதினாறுக்குப் பன்னிரண்டுதான். ஆனால் பறவைகள் வர வர எதிர்ச்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. கார்த்திகை பிறப்பதற்குள், சமையலறைப் படியில் உட்கார்ந்து பார்த்தால் டிவி தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது, ரிமோட் எட்டவில்லை. சீரியல் பார்ப்பதற்காகப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதி தூரம் நடந்து போய் நாரைகளுக்கு நடுவே நிற்பாள். கூழைக்கடா அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எப்படி உள்ளே வந்தது என்று கேட்டவர்களுக்கு, பீரோ வந்த கதவுதானே என்பது அவள் பதில்.

ஏரியோ அந்த வருஷம் உபரித் தண்ணீர் வழிகிற கடைவாசல் வரை நிறைந்து, அடியில் கிடக்கிற கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் ஒரு பறவை இறங்கவில்லை. வேடந்தாங்கல் பக்கம் கூடு கட்டுகிறவை காலையில் கூட்டமாக வந்து, ஏரியை ஒரு வட்டம் அடித்துவிட்டு, நேராக ராணியம்மாள் வீட்டு வாசலுக்குத் திரும்பின. ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த செங்கேணிக்கு முதல் வலையில் ஒரு தவளைகூட மாட்டவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் கூடத்தில் வரால் துள்ளுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அங்க தண்ணி கீது, தீனி இல்ல. தீனி பூரா உன் வூட்டுல கீது ராணிமா" என்றார். சேறு இல்லாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் மீன் இல்லை, இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தே அண்டாவைத் தேய்த்ததுபோலத் தேய்த்திருந்தார்கள். அதனால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

தீபாவளிக்கு மகனும் மருமகளும் பெட்டி படுக்கையோடு வந்தார்கள். சுதா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நாமக்கோழி ஒன்று சோபாவிலிருந்து இறங்கி அவளுக்கு வழி விட்டது.

"இன்னாம்மா இது? மனுசன் குடியிருக்கற வூடா இது?" என்றான் கார்த்திக். "இத்த பூரா வாரிட்டு கிராவல் போட்டாதான் நாங்க வருவோம். இல்லன்னா அங்கியே இருந்துக்கறோம்."

ராணியம்மாளுக்கும் அதுதானே வேண்டும். அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போன பிறகு சமையலறைப் படியில் உட்கார்ந்து அழுதாள். முப்பது வருஷம் காலைத் தின்ற சேறு, காசு கொடுத்துக் கட்டின வீட்டுக்குள்ளும் வந்து மகனைப் பிரிக்கிறதே என்று வாய்விட்டே திட்டினாள். நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. மறுநாளே டேனியல் மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஆள்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

ஆள்கள் வந்து, சித்தாள்கள் மண் சுமக்கிற இரும்புப் பாண்டில் வாரி வாரி டிராக்டரில் கொட்டினார்கள். பொழுது சாயும்வரை வாரியும் கூடத்தில் கணுக்கால் அளவு அப்படியே இருந்தது. எடுக்க எடுக்க வந்துகினே கீதே என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார். வாரின சேற்றை எங்கே கொட்டுவது என்று யோசித்து, எடுத்த இடத்திலேயே கொட்டிவிடலாம் என்று டிரைவர் அதை ஏரிக்கரை ஓரத்தில், மதகுப் பக்கம் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் விடிந்ததும் ராணியம்மாள் அங்கே போய்ப் பார்த்தாள். கொட்டின சேறு கொட்டின இடத்தில் குவியலாக இல்லை. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வெகுதூரம் பரவி, கட்டியாக, மேலே லேசாக ஆடை படிந்ததுபோல இருந்தது. அதன்மேல் நத்தை போன தடம் இருந்தது. இரண்டு உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. தினம் ராத்திரி பாலில் ஒரு கரண்டி மோரை ஊற்றி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்து பார்க்கிறவளுக்குப் புரியாமல் என்ன?

"உறை குத்தின மாதிரி கீது" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வடகளியூரில் இன்றைக்கும் திருவிழா என்றுதான் சொல்கிறார்கள். நடவுக் கும்பல் முழுக்க வந்தது. பாண்டு இல்லாதவர்கள் அன்னக்கூடையும் குடமும் கொண்டுவந்தார்கள். கூடத்திலிருந்து மதகு வரைக்கும் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஆள் முகத்தில் சேறு; ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்து சிரித்த சிரிப்பில் நாரைகளே கொஞ்சம் ஒதுங்கி நின்றன. செங்கேணி குடம் குடமாக வரால் குஞ்சுகளை எடுத்துப் போய் ஏரியில் விட்டார். ராணியம்மாள் வாசலில் அண்டா வைத்து எல்லோருக்கும் எலுமிச்சம் சாதம் போட்டாள். சேறு கொண்டுவந்து கொட்டக் கொட்ட, ஏரி ஓரம் முழுக்க உறைந்துகொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க சுதா மட்டும் பஸ் ஏறி வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுடிதாரை முட்டிவரை மடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கூடத்தில் ஒரு காலை வைத்தாள். சேறு வெதுவெதுப்பாக இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. குளிரும் என்று நினைத்திருந்தாள். இன்னொரு காலையும் வைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது, கறுப்புப் பஞ்சு உருண்டைபோல ஒரு நாமக்கோழிக் குஞ்சு அவள் புறங்காலில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அத்தை, இது என் கால் மேல ஏறிக்கிச்சு."

"குந்தினு போவட்டும். நீ ஆடாத."

அது இறங்குவதாக இல்லை. சுதா ஆடாமல் நின்றாள். அப்படி நின்றுகொண்டே மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் குஞ்சு இறங்கியபோது கடைசி பஸ் போயிருந்தது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவளும் பாண்டு பிடித்தாள்.

மார்கழி பாதியில் ஏரி ஓரம் சுற்றிச் சுற்றி நிறைந்ததும் கூடத்தில் சேறு இறங்க ஆரம்பித்தது. எதிர்ச்சுவர் ஒவ்வொரு நாளாகக் கிட்டே வந்தது; ரிமோட் எட்டியது. கூழைக்கடாக்கள் ஏரிக்குப் போயின, அரிவாள் மூக்கன்கள் போயின. ஒருநாள் காலை டைல்ஸ் தெரிந்தது, வாங்கி வந்த அன்றைக்கு இருந்த அதே வெள்ளை. ராணியம்மாள் ஈரத்துணியால் ஒருதரம் துடைத்துவிட்டு, வெறுங்காலோடு நடுவில் போய் நின்றாள். ஆசைப்பட்டது கிடைத்த சந்தோஷம் அவள் முகத்திலேயே தெரிந்தது. அப்போது கடைசியாக மிச்சமிருந்த நாரை, வந்த வழியாகவே, ஃபேனுக்குக் கீழிருந்து நடந்து, படி இறங்கி, வாசலில் ஒருமுறை நின்று, ஏரிப் பக்கம் பறந்துபோனது. விசேஷம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போன வீடு போல இருந்தது கூடம். அவளுக்கு அழுகை வந்தது. இதற்குப்போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கார்த்திக் அன்றைக்குக் கிராவல் லாரியோடு வந்திருந்தான். மேஸ்திரி நடுவில் ஆள் இறங்குகிற அளவுக்கு டைல்ஸைப் பெயர்த்து உள்ளே இறங்கிப் பார்த்தார். பேஸ்மட்டம் துடைத்த பாத்திரமாகக் காலியாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஒரு பாண்டு அளவுக்குக் கறுப்பு வண்டல். அதையும் வாரி மேலே எடுத்தார். இனி ஒரு பொட்டுகூட இல்லை, நிரப்பிவிடலாமா என்றார். ராணியம்மாள் அந்தப் பாண்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். வாங்கிக்கொண்டு இறங்கி, பேஸ்மட்டத்தின் நடுவில், கையாலேயே வழித்துக் கொட்டினாள்.

"உறைக்கு ஒரு பாண்டு இருக்கட்டும். சுத்தி கிராவல் போட்டுக்க மேஸ்திரி."

"யம்மா, அத்த வெச்சா அடுத்த ஐப்பசிக்கு திரும்ப வரும்" என்றான் கார்த்திக்.

"வரட்டும் நைனா. அதுங்க வரும், தின்னும், போவும். வூட்ட பாத்துட்டு வாசல்லயே திரும்பி போவாது."

கார்த்திக்கின் காது சிவந்தது. திரும்பிச் சுதாவைப் பார்த்தான். அவள் அதற்குள் டைல்ஸை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். தயிர்ப் பானையை வழித்துத் தின்றுவிட்டு நாளைக்கு உறைக்கு இல்லாமல் நிற்கிற வீடு என்ன வீடு என்று ராணியம்மாள் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். பொங்கலுக்கு முந்தின வாரம் மகனும் மருமகளும் குடிவந்தார்கள்.

அடுத்த ஐப்பசியில் சேறு வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை, சுதா முந்தின வாரமே டிவியைப் படுக்கையறைக்கு மாற்றியிருந்தாள். இப்போது அந்த வீட்டில் தை முதல் புரட்டாசி வரை தரை, ஐப்பசி முதல் மார்கழி வரை ஏரி. பெண் பார்க்க, நிச்சயம் பேச என்று வருகிற சொந்தக்காரர்கள் அதை அனுசரித்துத்தான் தேதி வைக்கிறார்கள். கோடையில் வண்டல் எடுக்கும்போது மதகு ஓரத்தில் கொம்பு நட்டு, அதற்கு உள்ளே யாரும் மண்வெட்டி போடக்கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. செங்கேணிக்கு வலை கனக்கிறது. ராணியம்மாளுக்கு அந்தச் சேற்றால் இதுவரை கால் புண்ணாகவில்லை; ஆனால் வயல் சேற்றில் இறங்கினால் பழையபடி ஆகிறது.

சேதி பரவி மற்ற ஊர்களிலிருந்தும் ஆள் வருகிறார்கள். தங்கள் ஏரியையும் வழித்துத் தேய்த்துவிட்டவர்கள், மழைக்காலத்தில் தூக்குவாளியோடு வந்து வாசலில் தயங்கி நிற்பார்கள். ராணியம்மாள் கால் கழுவச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்கு மோர் கொடுப்பதுபோல ஒரு கரண்டி மொண்டு வாளியில் விட்டு, ஓரமாக ஊற்று, கலக்காதே என்று சொல்லி அனுப்புவாள். போன கார்த்திகையில் புள்ளலூரிலிருந்து ஒருவர் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்துவிட்டால் மோர் உறையே கொடுப்பதில்லை, சேறு எப்படிக் கொடுப்பது என்று அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, சமையலறையில் பாய் விரித்துக் கொடுத்தாள். காலையில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு அவர் உத்திரமேரூரில் காஞ்சிபுரம் வண்டி ஏறினார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்பி ஊரைத் தாண்டியதும் வாளிக்குள்ளிருந்து ஒரு தவளை கத்தியது. பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவர் கண்ணைத் திறந்து வாளியைப் பார்த்தார்.

"எந்த ஏரிக்கு?" என்று கேட்டார்.